நமக்கேற்ற லினக்ஸ் எது?

"இந்த லெப்டொப் இனிச் சரிவராது ஹாஜியார். புதிது ஒன்று எடுங்கள்."

கடந்த ஆண்டின் இறுதியில், பதுளை நகரில் கணினி திருத்தும் கடையொன்றில் என் வாப்பாவிடம் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. நாங்கள் வசிப்பது பசறைப் பக்கத் தோட்டமொன்றின் கடைத்தெருவில். 2013ஆம் ஆண்டு பெரிய நானாவின் படிப்புக்காக வாங்கிய அந்த மடிக்கணினியில்தான் நான் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கான பயிற்சிகளைச் செய்து வந்தேன். புதிய மடிக்கணினிக்கு ஓர் இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாவாவது வேண்டும் என்றார் கடைக்காரர். வீடு திரும்பிய வாப்பா ஒன்றும் பேசவில்லை. உம்மா தன் கையிலிருந்த வளையல்களைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

வளையல்கள் அடகுக் கடைக்குப் போகவில்லை. இந்தக் கட்டுரையையும் அதே பழைய மடிக்கணினியில்தான் தட்டச்சு செய்கிறேன். அது எப்படிச் சாத்தியமானது என்பதை, இதே நிலையிலுள்ள தோழியருக்கும் அவர்களது பெற்றோருக்கும் சொல்வதே என் நோக்கம்.

பழுதானது கணினி அல்ல

எங்கள் மடிக்கணினியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் ஏற்பாடு உண்டு. ஆனால் அதுவும் தற்காலிகமானதே. ஆதரவு முடிந்ததும் கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பார் இல்லாமல் போகும். பூட்டுப் பழுதான கதவுள்ள வீட்டில் குடியிருப்பது போன்ற நிலை அது.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அதற்கு 4 ஜீபி ரெம், 64 ஜீபி சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். எங்களுடையதோ மூன்றாம் தலைமுறை. விசைப்பலகை, திரை, வன்தட்டு எல்லாம் நன்றாக இருந்தும், அதற்கேற்ற பணிசெயல் முறைமை இல்லாததால் அது 'சரிவராத' கணினியாகிவிட்டது. அந்த இடத்தை நிரப்பக்கூடியதுதான் லினக்ஸ்.

ஒரே கொழுந்து, பல தரங்கள்

1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பணிசெயல் முறைமையின் மையப்பகுதியான கெர்னலை எழுதத் தொடங்கினார். நாம் விசையை அழுத்தும்போது எழுத்தைத் திரைக்கும் கோப்பை வன்தட்டுக்கும் கொண்டுசேர்க்க, வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் பகுதி அது. அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் குனூ என்னும் சுதந்திர மென்பொருள் திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்தபோது, எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பிறருக்குப் பிரதி கொடுக்கவும் கூடிய ஒரு முழுமையான பணிசெயல் முறைமை உருவானது. நம் கைகளிலுள்ள அண்ட்ரொய்ட் தொலைபேசியும் லினக்ஸ் கெர்னலின் மீதுதான் இயங்குகிறது. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் உள்ளவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவையே.

கெர்னல் மட்டும் இருந்தால் நாம் கணினியைப் பயன்படுத்த முடியாது. திரையின் தோற்றம், கோப்புகளைத் திறக்கும் வசதி, உலாவி, மென்பொருள்களை நிறுவும் கருவி என எல்லாவற்றையும் சேர்த்து, சோதித்து, ஒரே பொதியாகத் தர வேண்டும். அந்தப் பொதிக்கே வழங்கல் என்று பெயர். பேச்சு வழக்கில் டிஸ்ட்ரோ என்பார்கள். டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா என நூற்றுக்கணக்கான வழங்கல்கள் உள்ளன. புதிதாக வருபவரைத் திகைக்க வைப்பதும் இந்த எண்ணிக்கைதான்.

ஊவாவில் பிறந்த நமக்கு இதை விளங்கிக்கொள்ளத் தேயிலையே போதும். ஒரே மலையில் பறித்த கொழுந்துதான் தொழிற்சாலைக்குப் போகிறது. வாட்டி, உருட்டி, உலர்த்தி, சலித்த பின் அது பி.ஓ.பி. என்றும் பி.ஓ.பி.எஃப். என்றும் டஸ்ட் என்றும் பிரிகிறது. சீக்கிரம் சாயம் இறங்க வேண்டும் என்பதால் தேநீர்க் கடைக்காரர் டஸ்ட் கேட்பார். மென்மையான சுவையை விரும்புபவர் பெரிய இலைத் தரத்தைக் கேட்பார். "எது சிறந்த தேயிலை?" என்று ஒருவர் கேட்டால், "யாருக்கு, எதற்கு?" என்றுதான் நாம் திருப்பிக் கேட்போம். லினக்ஸ் விடயத்திலும் அதுவே சரியான கேள்வி.

தேவையிலிருந்தே பிறந்தவை

ஒவ்வொரு வழங்கலுக்குப் பின்னாலும் ஒரு தேவை இருக்கிறது. சாதாரண மக்களுக்கும் லினக்ஸ் எளிதாக வேண்டும் என்ற எண்ணத்தில் 2004இல் தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வேர்த் உபுண்டுவைத் தொடங்கினார். இணைய வேகம் குறைந்த நாடுகளில் உள்ளவர்களுக்காக அதன் இறுவட்டுகள் 2011 வரை இலவசமாகத் தபாலில் அனுப்பப்பட்டன. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பொஸ் லினக்ஸ், இந்திய மொழிகளில் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்ற தேவைக்காக 2007இல் வந்தது. கேரளத்தில் கைட் என்னும் அரச நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பாடசாலைகளுக்கெனத் தனி வழங்கலைத் தயாரித்துத் தருகிறது.

நம் நாடும் பின்தங்கவில்லை. 2004 டிசம்பர் சுனாமியின் பின், காணாமற் போனோர் பற்றியும் முகாம்கள் பற்றியும் தகவல் திரட்ட இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' மென்பொருள், திறந்த மூல முறையில் உலகெங்கும் பகிரப்பட்டு, 2006ஆம் ஆண்டுக்கான சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதைப் பெற்றது. கண்டியின் ஹந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட 'ஹந்தான லினக்ஸ்' 2009இல் இலங்கையிலேயே வெளியானது. இணைய வசதி குறைந்த மாணவருக்கு உதவும் வகையில் கல்வி மென்பொருள்கள் பலவற்றை முன்கூட்டியே சேர்த்துத் தந்ததே அதன் சிறப்பு. சமிக்ஞை தேடி மலையேறிப் பாடம் கேட்ட நமக்கு, அந்தத் தேவை எத்தகையது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

நம்மை நாமே கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதற் கேள்வி: நம் கணினியின் வலு என்ன? விண்டோஸில் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', பின் 'அபௌட்' என்று சென்றால் ரெம் எவ்வளவு, கணினி 32 பிட்டா 64 பிட்டா என்பது தெரியும். லினக்ஸின் கனம் பெரும்பாலும் கெர்னலால் வருவதில்லை. திரைச் சூழலால் வருவது. நோம், கேடிஈ பிளாஸ்மா, சினமன் ஆகியவை அழகும் வசதியும் கூடியவை, ரெம்மும் கூடுதலாகக் கேட்பவை. எக்ஸ்.எஃப்.சி.ஈ., எல்.எக்ஸ்.கியூ.டி. ஆகியவை எளிமையானவை, இலேசானவை. இதை அறியாமல் நான் முதலில் பெயர் பெற்ற ஒரு வழங்கலைப் பெரிய திரைச் சூழலுடன் நிறுவினேன். உலாவியில் இரண்டு பக்கங்களைத் திறந்ததும் கணினி திணறியது. "கடைக்காரர் சொன்னது சரிதானே?" என்றார் வாப்பா. பிழை கணினியிலும் இல்லை, அந்த வழங்கலிலும் இல்லை. பொருத்தம் பார்க்காத நான்தான் பிழைவிட்டேன்.

இரண்டாவது: கணினியில் என்ன வேலை செய்யப் போகிறோம்? கட்டுரை தட்டச்சு, விரிதாள், முன்வைப்பு, இணைய வகுப்பு, பைத்தன், பாஸ்கல், வலைப்பக்க வடிவமைப்பு ஆகிய அனைத்தும் எந்த வழங்கலிலும் முடியும். பெரும்பாலானவற்றில் பைத்தன் ஏற்கனவே இருக்கும். லிப்ரே ஒஃபிஸையும் ஃபிரீ பாஸ்கலையும் இலவசமாகப் பெறலாம். வேறு எந்த மென்பொருள் நமக்குக் கட்டாயம் வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது: இணையம் எப்படி? சில வழங்கல்கள் இடைவிடாது புதுப்பித்துக்கொண்டே இருப்பவை. ஆர்ச் லினக்ஸ் அவ்வகையானது. அளந்து அளந்து டேட்டா போடும் வீடுகளுக்கு அது ஒத்துவராது. ஃபெடோரா ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பைத் தரும். ஒரு பதிப்புக்கான ஆதரவு ஏறத்தாழ 13 மாதங்களே. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் வரும். ஐந்து ஆண்டுகள் வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும். அதன் மீது கட்டப்பட்ட லினக்ஸ் மின்டின் 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. நமக்கு இத்தகைய நிதானமான வழங்கல்களே நல்லவை. எந்த வழங்கலாயினும், இன்றும் அது இற்றைப்படுத்தப்படுகிறதா என்பதைப் பார்த்த பின்பே நிறுவ வேண்டும்.

நான்காவது: சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்போம்? இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஆசிரியையோ மாமாவின் மகளோ ஏற்கனவே ஒரு வழங்கலைப் பயன்படுத்தினால், வேறு காரணம் இல்லாதவிடத்து அதையே எடுங்கள். பட்டியல்களில் முதலிடம் பெற்ற வழங்கலைவிட, பக்கத்து வீட்டில் உதவி கிடைக்கும் வழங்கலே மேல்.

அப்படியானால் எதை எடுப்பது?

ரெம் 4 ஜீபி உள்ள, பத்தாண்டு கடந்த 64 பிட் மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு பொருந்தும். தொடக்கப் பட்டியலும் கீழ்ப்பட்டையும் விண்டோஸை ஒத்திருப்பதால், வீட்டிலுள்ள பெரியவர்களும் தடுமாற மாட்டார்கள். எங்கள் வீட்டில் இருப்பது இதுதான்.

ரெம் 8 ஜீபி இருந்தால் தெரிவு விரியும். மின்டின் சினமன் பதிப்பு, உபுண்டு, விண்டோஸிலிருந்து வருவோரை மனத்தில் வைத்து அயர்லாந்தில் உருவான சோரின் ஆகிய மூன்றும் நல்லவை. மூன்றையும் பார்த்துவிட்டு, கண்ணுக்கும் கைக்கும் இதமானதை எடுக்கலாம்.

ரெம் 2 ஜீபி மட்டுமே என்றால் லுபுண்டுவை முயலலாம். ஆனால் உலாவியில் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மேல் திறக்கக் கூடாது. முடியுமானால் ரெம்மைக் கூட்டி, பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போடுங்கள். புதிய கணினி வாங்கும் செலவின் சிறு பகுதியில் பெரிய மாற்றம் தெரியும்.

மிகப் பழைய 32 பிட் கணினிகளைப் பெரிய வழங்கல்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. டெபியனும் 2025இல் வந்த 13ஆம் பதிப்புடன் அவற்றுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. அன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் போன்றவற்றின் சில 32 பிட் பதிப்புகளே மிச்சம். அத்தகைய கணினியில் தட்டச்சும் பாஸ்கல் பயிற்சியும் செய்யலாம். இணைய வகுப்பை எதிர்பார்க்கக் கூடாது.

வீட்டில் இணையமே இல்லையா? எண்ட்லெஸ் என்னும் வழங்கலின் முழுப் பதிப்பு, கலைக்களஞ்சியத்தையும் பாட உதவிகளையும் உள்ளடக்கியே வருகிறது. கோப்பு மிகப் பெரியது என்பதால் நகரில் ஒருமுறை பதிவிறக்கிக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் மின்டில் கிவிக்ஸ் என்னும் மென்பொருளை நிறுவி, தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளலாம். பிறகு மின்சாரம் இருக்கும் வரை வாசிக்கலாம், சமிக்ஞை தேவையில்லை.

காலி லினக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. திரைப்படங்களில் வரும் 'ஹெக்கர்' தோற்றத்தில் மயங்கிப் பலர் அதைத் தேடுகிறார்கள். அது வலையமைப்புகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் தொழில்முறையாளருக்கான கருவி. அன்றாடப் படிப்புக்கு ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியோரே சொல்கின்றனர்.

தமிழில் எழுத முடியுமா?

முடியும். விசைப்பலகை அமைப்பில் இலங்கைக்கான தமிழ்நெட் 99 நேரடியாகவே இருக்கிறது. நம் நாட்டில் பலரும் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையை எம்17என் என்னும் சிறு பொதியை நிறுவிப் பெறலாம். பாமினி எழுத்துருவில் தயாரித்த பழைய ஆவணங்கள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவிக்கொண்டால் அவை வழக்கம் போலத் திறக்கும். ஆயினும் புதிதாக எழுதுவதை யுனிகோட்டில் எழுதப் பழகுவோம். அப்போதுதான் நாம் எழுதியதை எந்தக் கணினியிலும் எந்தத் தொலைபேசியிலும் வாசிக்கலாம்.

நிறுவும் முன் சுவைத்துப் பாருங்கள்

கணினியிலுள்ள எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம் என்பது அதன் பெரிய வசதி. மின்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜீபி. உபுண்டுவினது ஏறத்தாழ 6 ஜீபி. இரவு நேர டேட்டா இருந்தால் அதில் பதிவிறக்குங்கள். எட்டு ஜீபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது பலேனா எச்சர் என்னும் இலவச மென்பொருளால் அந்தக் கோப்பை ஏற்றுங்கள். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெறுமையான ஒன்றை எடுங்கள். பின் கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, இயக்கியவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டினால், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். விசை கணினிக்குக் கணினி மாறும்.

திரை வந்ததும் அவசரப்பட்டு நிறுவாதீர்கள். வைஃபை இணைகிறதா? ஒலி கேட்கிறதா? கமரா வேலை செய்கிறதா? வீட்டு அச்சுப்பொறி அச்சிடுகிறதா? சில வைஃபை சில்லுகளுக்குத் தனியாக இயக்கி மென்பொருள் தேவைப்படும். அதை இந்தக் கட்டத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. பென் டிரைவிலிருந்து இயங்கும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

நிறுவ முடிவெடுத்தால், முதல் வேலை எல்லாக் கோப்புகளையும் வேறிடத்தில் பிரதியெடுப்பது. 'எல்லா' என்பதை அழுத்திச் சொல்கிறேன். புகைப்படங்களையும் பாடக் குறிப்புகளையும் எடுத்துவைத்த நான், முகப்புத் திரையிலிருந்த ஒரு கோப்புறையை மறந்துவிட்டேன். வாப்பாவின் ஆறு மாதக் கடைக் கணக்கு அதில் இருந்தது. நல்ல வேளையாகக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். இரண்டு இரவுகள் விழித்திருந்து அதை மீண்டும் தட்டச்சு செய்தேன். நீங்கள் அந்த இரவுகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். இயலுமானால், முன்பு செய்து பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நிறுவுங்கள்.

பெற்றோர் அறிய வேண்டியவை

லினக்ஸில் முடியாதவையும் உண்டு. மைக்ரோசொப்ட் ஒஃபிஸ், ஃபோட்டோஷொப், ஓட்டோகேட் போன்றவை அதில் நேரடியாக இயங்கா. வேர்ட் கோப்புகளை லிப்ரே ஒஃபிஸ் திறக்கும். ஆனால் அட்டவணைகளும் எழுத்துருக்களும் சில வேளை இடம் பெயரும். ஒப்படைகளைப் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. மகளின் படிப்புக்கு விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் ஒன்று கட்டாயம் என்றால், லினக்ஸை வற்புறுத்த வேண்டாம். இரண்டையும் ஒரே கணினியில் அருகருகே வைக்கவும் வழி உண்டு.

செலவைப் பொறுத்தவரை, இங்கு குறிப்பிட்ட வழங்கல்களை இலவசமாகவே பெறலாம். சோரினுக்கு மட்டும் கூடுதல் வசதிகளுடன் கட்டணப் பதிப்பொன்று உண்டு. நமக்கு அதன் இலவசப் பதிப்பே போதும். அனுமதிப் பத்திரமில்லாத திருட்டுப் பிரதிகளை நாட வேண்டிய அவசியமும், அவற்றோடு ஒட்டி வரும் நச்சு நிரல்களின் அச்சமும் இல்லை. ஒரு பென் டிரைவிலுள்ள பிரதியைப் பத்து வீடுகளுக்குக் கொடுத்தாலும் அது சட்டப்படி சரியே.

சென்ற மாதம் லுணுகலைப் பக்கத் தோட்டத்திலிருந்து வரும் என் வகுப்புத் தோழி, அலுமாரியின் மேல் மூன்று ஆண்டுகள் கிடந்த மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். ரெம் 4 ஜீபி, 64 பிட். என் பென் டிரைவைச் செருகிப் பார்த்தோம். வைஃபை இணைந்தது, ஒலி கேட்டது, கமரா மட்டும் வேலை செய்யவில்லை. "கமரா இல்லாட்டிப் பரவாயில்லை, பைத்தன் ஓடினாப் போதும்" என்றாள். அவளது தேவை அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அரை மணித்தியாலத்தில் நிறுவி முடித்தோம்.

உங்கள் வீட்டு அலுமாரியின் மேலும் அப்படி ஒன்று இருக்கலாம். புதிது வாங்கப் பணம் தேடும் முன், அதை இறக்கித் தூசி தட்டி, மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.